சிங்கக் குட்டி ஏன் மூன்றாம் நாள் எழுகிறது? பெஸ்டியரி நூல்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

இணையத்தில் அடிக்கடி சுற்றி வரும் பழைய ஐரோப்பிய ஓவியங்கள் சில உண்டு, பெஸ்டியரி என்னும் இடைக்கால விலங்கு நூல்களில் உள்ளவை. நாய் மாதிரி ஒரு முதலை, உடம்பெல்லாம் செதில் வைத்த ஒரு திமிங்கிலம், மனித முகச் சாயலில் ஒரு சிங்கம். கீழே 'அந்தக் காலத்து ஆட்களுக்கு விலங்கு வரையவே தெரியாது' என்று ஒரு வரி இருக்கும், பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு பக்கம், வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கு பெஸ்டியரி என்றாலே அரக்கர்களின் பட்டியல். இன்னும் சிலர், கொஞ்சம் படித்தவர்கள், 'சிங்கம் என்றால் கிறிஸ்து, பாம்பு என்றால் சாத்தான், அது ஒரு குறியீட்டு அகராதி, அவ்வளவுதான்' என்று முடித்துவிடுகிறார்கள். மூன்றுமே இந்த நூல்களுக்கு நியாயம் செய்யவில்லை. எனக்கு இவற்றின் மேல் பெரிய மதிப்பு உண்டு. அதனால் அடியிலிருந்து, எந்தப் பின்னணியும் இல்லாதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

அன்னம் பாலைப் பிரிப்பது போல

நன்னூலில் மாணாக்கர் வகை சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு. அன்னமும் பசுவும் முதல் தரம், மண்ணும் கிளியும் நடுத்தரம், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடைசித் தரம். அன்னம் ஏன் முதல் வரிசையில்? பாலையும் நீரையும் கலந்து வைத்தால் அது பாலை மட்டும் பிரித்துக் குடிக்குமாம், நல்ல மாணவனும் அப்படித்தான் நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வான் என்பதற்காக. இதை வகுப்பில் கேட்கும் யாரும் 'ஐயா, அன்னத்தைப் பிடித்துச் சோதித்துப் பார்த்தார்களா' என்று எழுந்து கேட்பதில்லை. அது பறவையியல் பாடம் இல்லை என்று நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஒரு பறவைக்கு வழிவழியாகச் சொல்லப்பட்ட ஒரு பழக்கம், அதை ஒட்டி மனிதனுக்கு ஒரு பாடம், இரண்டும் சேர்ந்துதான் அந்த வரி.

பவணந்தி முனிவர் நன்னூல் செய்தது 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் துறவு மடங்களில் இதே முறையில், ஆனால் ஒரு சூத்திரமாக இல்லாமல் முழுப் புத்தகமாக, நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளை வைத்து எழுதி, பொன்தகடு ஒட்டி, வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்துக்குத்தான் பெஸ்டியரி என்று பெயர்: விலங்கு, பறவை, பாம்பு, மீன் ஒவ்வொன்றின் இயல்பையும் சொல்லி, அவற்றில் பலவற்றுக்குக் கிறிஸ்தவப் பொருளும் சொல்லும் படங்களுள்ள கையெழுத்து நூல்.

'பலவற்றுக்கு' என்றுதான் சொன்னேன், 'எல்லாவற்றுக்கும்' என்று சொல்லவில்லை. பூனை எலி பிடிக்கும், அதற்கு இருட்டில் கண் தெரியும் என்று எழுதிவிட்டு எந்தப் பாடமும் சொல்லாமல் அடுத்த விலங்குக்குப் போய்விடும் இடங்கள் இவற்றில் நிறைய உண்டு. அரக்கர் பட்டியல் என்பதும் சரியில்லை. டிராகனும் ஒற்றைக் கொம்பனும் இருப்பது உண்மை, ஆனால் பக்கங்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது ஆடு, மாடு, நாய், எறும்பு, தேனீ, புறா, சேவல் போன்ற வீட்டையும் வயலையும் சுற்றி வாழும் உயிர்கள்தான். நத்தையோடு சண்டை போடும் வீரன் படத்தையும் பலர் பெஸ்டியரி படம் என்று பகிர்கிறார்கள். அவை வேறு நூல்களின், குறிப்பாகப் பிரார்த்தனை நூல்களின், பக்க ஓரத்தில் வரையப்பட்டவை.

அலெக்சாந்திரியாவில் தொடங்கியது

இதன் வேர் இங்கிலாந்தில் இல்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாக்கில், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் என்று பல அறிஞர்கள் கருதும் இடத்தில், கிரேக்க மொழியில் பிசியோலோகஸ் என்று ஒரு சிறு நூல் எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் தெரியாது. விலங்கு, பறவை, கல், மரம் என்று சில டஜன் அத்தியாயங்கள். கிரேக்கரும் எகிப்தியரும் சொல்லி வந்த இயற்கைக் கதைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிறிஸ்தவ விளக்கம் வைத்தது இந்த நூல். லத்தீன், சிரியாக், காப்டிக், ஆர்மீனிய, எத்தியோப்பிய மொழிகளுக்கெல்லாம் போனது.

லத்தீனில் வந்த பிறகு அது வளரத் தொடங்கியது. 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிடோர் தொகுத்த பெரிய கலைக்களஞ்சியத்தில் விலங்குகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது, அதிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். மிலான் ஆயர் அம்ப்ரோஸ் படைப்பின் ஆறு நாட்களைப் பற்றி எழுதியதிலிருந்தும் சேர்த்தார்கள். ரோமானியரான பிளினியின் இயற்கை வரலாறும் மற்ற நூல்கள் வழியாக உள்ளே வந்தது. ஆக, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் இந்த நூல்கள் உச்சத்தைத் தொட்டபோது, ஒரு பெஸ்டியரி என்பது ஆயிரம் ஆண்டுகள் கைமாறி வந்த சேமிப்பு. பூனைக்கு ஏன் பாடம் இல்லை என்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்: இசிடோர் வழியாக வந்த விலங்குகள் பலவும் விளக்கம் இல்லாமலேயே வந்து உட்கார்ந்துவிட்டன.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: ஒரு பழைய கிரேக்க நூல் அடித்தளம், அதன் மேல் பல நூற்றாண்டுச் சேர்க்கைகள், கடைசியில் இங்கிலாந்தின் மடங்களில் படங்களோடு முழு வடிவம்.

ஒரு பதிவு எப்படி வேலை செய்கிறது

சிங்கத்தை எடுத்துக்கொள்வோம், பெரும்பாலான பெஸ்டியரிகள் அதிலிருந்துதான் தொடங்கும். சிங்கத்துக்கு மூன்று இயல்புகள் என்று நூல் சொல்லும். இயல்பு என்றால் இங்கே, அந்த விலங்கைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு குணமோ பழக்கமோ.

முதலாவது, வேட்டைக்காரரின் வாசனை பட்டால் சிங்கம் தன் வாலால் காலடித் தடத்தை அழித்துக்கொண்டே போகும். இரண்டாவது, அது கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். மூன்றாவது, பெண்சிங்கம் குட்டியைச் செத்த நிலையில்தான் ஈனும், மூன்று நாள் அதைக் காத்துக் கிடக்கும், மூன்றாம் நாள் தந்தை வந்து அதன் முகத்தில் ஊதியதும் குட்டி உயிர் பெறும்.

இனி ஒவ்வொன்றாகப் பொருள் வரும். தடத்தை அழிப்பது, கடவுள் மனிதனாகப் பிறந்தபோது தன் தெய்வத்தன்மையைச் சாத்தானுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டது. திறந்த கண்ணோடு தூங்குவது, சிலுவையில் உடல் இறந்தபோதும் கிறிஸ்துவின் தெய்வத்தன்மை விழித்திருந்தது. மூன்றாம் நாள் எழும் குட்டி, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த இயேசு. கவனித்துப் பாருங்கள், பிறப்பு, மரணம், உயிர்ப்பு என்று கிறிஸ்தவ நம்பிக்கையின் முதுகெலும்பு முழுவதும் ஒரே விலங்குக்குள் வரிசையாக வந்துவிட்டது. சிங்கத்தைப் பார்த்து அதிலிருந்து பாடம் எடுத்த மாதிரி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் எந்தக் கதையைத் தேர்ந்தெடுப்பது, எந்த வரிசையில் வைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்தது பொருள்தான்.

இப்படி ஒரு உயிரினத்தையோ நிகழ்ச்சியையோ அதற்கு மேலான ஒரு சமய உண்மையின் சாயலாக வாசிப்பதை உருவக வாசிப்பு என்பார்கள். அன்றைய துறவிகள் விவிலியத்தையே இப்படித்தான் வாசித்தார்கள், உலகத்தையும் அப்படியே வாசித்தார்கள். மிருகங்களைக் கேள், அவை உனக்குக் கற்றுக்கொடுக்கும் என்று யோபு நூலில் ஒரு வரி இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இறையியலாளர் லீல் நகர ஆலன், உலகின் ஒவ்வொரு படைப்பும் நமக்கு ஒரு புத்தகம் போல, ஓவியம் போல, கண்ணாடி போல என்று பாடினார். கடவுள் எழுதியவை இரண்டு, ஒன்று விவிலியம், இன்னொன்று உலகம் என்று நம்புகிறவருக்கு, ஒரு சிங்கத்தைப் பார்த்ததும் எழும் முதல் கேள்வி 'இது எத்தனை கிலோ' என்பதாக இருக்காது, 'இது என்ன சொல்கிறது' என்பதாகத்தான் இருக்கும்.

யானைக்கு முழங்கால் இல்லையாம்

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த பதிவு யானையினுடையது. யானையின் காலில் மூட்டு கிடையாது, படுத்தால் எழ முடியாது, அதனால் மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றபடியே தூங்கும் என்கிறது பழைய கதை. வேட்டைக்காரன் வந்து அந்த மரத்தைப் பாதி அறுத்து வைத்துவிட்டுப் போகிறான். யானை சாய்கிறது, மரத்தோடு விழுகிறது, பிளிறுகிறது. ஒரு பெரிய யானை ஓடி வருகிறது, தூக்க முடியவில்லை. அப்புறம் பன்னிரண்டு யானைகள் வருகின்றன, அவற்றாலும் ஆகவில்லை. எல்லாம் சேர்ந்து பிளிறும்போது ஒரு சின்ன யானை வந்து, விழுந்து கிடப்பதன் அடியில் தும்பிக்கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்திவிடுகிறது.

யானைகளைப் பக்கத்தில் பார்த்து வளர்ந்த நமக்கு முதல் வரியிலேயே 'மூட்டு இல்லையா?' என்று தோன்றும். சரி, அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு விளக்கத்தைப் படியுங்கள். விழுந்த யானை ஆதாம். அவன் விழுந்ததும் ஒரு மரத்தால்தான், ஏதேன் தோட்டத்து மரத்தால். முதலில் வந்த பெரிய யானை மோசேயின் சட்டம், அதால் மனிதனை எழுப்ப முடியவில்லை. பன்னிரண்டு யானைகள் தீர்க்கதரிசிகள், அவர்களாலும் முடியவில்லை. கடைசியில் வந்த சின்ன யானை கிறிஸ்து, எல்லாரிலும் பெரியவர் எல்லாரிலும் சிறியவராகத் தன்னைத் தாழ்த்திக்கொண்டதால்தான் அடியில் புகுந்து தூக்க முடிந்தது. இந்த இடத்தில் மூட்டில்லாத கால் என்பது ஒரு தகவல் பிழை மட்டும் அல்ல, கதையின் அச்சாணி. மூட்டு இருந்தால் யானை தானாகவே எழுந்துவிடும். தானாக எழ முடியாத மனிதன் என்பதுதான் சொல்ல வந்த விஷயம்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1255இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு ஓர் உயிருள்ள யானையைப் பரிசாக அனுப்பினார். லண்டன் கோபுரக் கோட்டையில் அதற்குக் கொட்டகை கட்டினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மத்தேயு பாரிஸ் அந்த யானையைப் பார்த்து வரைந்தார். அவர் படத்தில் காலில் மூட்டு தெளிவாக இருக்கிறது. பாவம், அந்த யானை அங்கே இரண்டு ஆண்டுகள்தான் பிழைத்தது. ஆனால் இங்கிலாந்தில் யானை வந்து நின்ற பிறகும், கண்ணால் கண்டவர் மூட்டோடு வரைந்த பிறகும், மரத்தில் சாய்ந்து தூங்கும் யானை நூல்களிலிருந்து உடனே போய்விடவில்லை. இரண்டு படங்களும் இரண்டு வேறு வேலைகளைச் செய்தன.

அகராதி இல்லை

சிங்கம் கிறிஸ்து என்றேன். ஆனால் பேதுருவின் முதல் கடிதத்தில், யாரை விழுங்கலாம் என்று கர்ஜித்துச் சுற்றும் சிங்கம் சாத்தான். வெளிப்படுத்தல் நூலில் யூதா கோத்திரத்துச் சிங்கம் கிறிஸ்து. இரண்டும் விவிலியத்திலேயே இருக்கின்றன. ஆகவே விலங்கின் பெயரை வைத்துப் பொருளை முடிவு செய்ய முடியாது, எந்த இயல்பு பேசப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பாம்பும் இப்படித்தான், ஏதேனில் அது எதிரி, ஆனால் முதுமையில் நோன்பிருந்து ஒரு குறுகலான பிளவுக்குள் புகுந்து பழைய தோலை உரித்துப் போடும்போது, பழைய வாழ்க்கையைக் களைந்து இடுக்கமான வாசல் வழியே போகச் சொல்லும் நல்ல முன்மாதிரி.

நாயைப் பாருங்கள். அது தன் புண்ணை நக்கி ஆற்றிக்கொள்ளும், அது பாதிரியாரிடம் பாவத்தை அறிக்கையிட்டு மனப்புண் ஆறுவதைக் குறிக்கும். அதே நாய் தான் கக்கியதைத் திரும்பத் தின்னும், அது அறிக்கையிட்ட பிறகு அதே பாவத்துக்குத் திரும்புகிறவனைக் குறிக்கும். ஒரே பதிவுக்குள், ஒரே நாய்.

ஆக, பெஸ்டியரியில் பொருள் ஒட்டிக்கொண்டிருப்பது விலங்கோடு அல்ல, அதன் ஒவ்வொரு இயல்போடு. இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படங்கள் ஏன் அப்படி இருக்கின்றன

பல ஓவியர்கள் முதலையையோ திமிங்கிலத்தையோ வாழ்நாளில் பார்த்ததில்லை, அது உண்மைதான். பார்த்து வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. கைக்கு வந்த பழைய பிரதியைப் பார்த்துத்தான் புதிய பிரதியைச் செய்தார்கள். பதப்படுத்திய கன்று, ஆட்டுத் தோலில் எழுதுவார்கள், படத்தின் கோடுகளை ஒட்டி ஊசியால் சிறு சிறு துளைகள் குத்தி, அவற்றின் வழியே கரித்தூளைத் தட்டினால் கீழே வைத்த தோலில் உருவம் புள்ளிகளாக இறங்கிவிடும். 1200ஆம் ஆண்டு வாக்கில் செய்யப்பட்ட, இன்று ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் உள்ள புகழ்பெற்ற பெஸ்டியரியில் இந்த ஊசித் துளைகளை இன்றும் சில பக்கங்களில் பார்க்கலாம்.

ஆனால் முக்கியமான காரணம் வேறு. படம் வரைவது விலங்கை இல்லை, அதன் கதையை. திமிங்கிலப் படத்தில் அதன் முதுகில் ஒரு கப்பல் கட்டப்பட்டிருக்கும், இரண்டு பேர் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருப்பார்கள். கதை என்னவென்றால், மணலும் புதரும் மண்டிய முதுகோடு அசையாமல் மிதக்கும் அந்தப் பெரிய உயிரைத் தீவு என்று நினைத்து மாலுமிகள் நங்கூரமிட்டுத் தீ மூட்டுகிறார்கள், சூடு பட்டதும் அது கப்பலோடு ஆழத்துக்குள் மூழ்கிவிடுகிறது. சாத்தானை நம்பி நங்கூரமிடுகிறவன் கதி அதுதான். இதைச் சொல்லும் படத்துக்கு திமிங்கிலத்தின் துடுப்பு எந்த வடிவம் என்பது ஒரு பொருட்டே இல்லை, மேலே எரியும் அடுப்புதான் பொருட்டு.

படங்கள் யாருக்காக என்பதற்கும் ஒரு நேரடிச் சான்று இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஃபூயோவா ஊர் ஹ்யூ என்ற துறவி பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார், அதன் பகுதிகள் பின்னால் பல பெஸ்டியரிகளுக்குள், அபர்டீன் நூலுக்குள்ளும், சேர்ந்துகொண்டன. போர்வீரனாக இருந்துவிட்டுத் துறவுக்கு வந்த ரெய்னியர் என்ற சகோதரருக்காக அதை எழுதினார். எழுத்து கற்றவருக்கு எழுத்து எதைக் காட்டுகிறதோ அதையே கல்லாதவருக்குப் படம் காட்டும் என்பது அவர் சொன்ன காரணம். முன்னுரையில் அவர் தன்னைப் புறாவாகவும் அந்தப் பழைய வீரரைப் பருந்தாகவும் வைத்து, இரண்டும் ஒரே கொம்பில் உட்கார்ந்திருக்கின்றன என்கிறார். எவ்வளவு அன்பான வரவேற்பு அது!

உண்மையிலேயே நம்பினார்களா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. 'எல்லாவற்றையும் நம்பினார்கள்' என்பதும் 'யாருமே நம்பவில்லை, எல்லாம் உருவகம்' என்பதும் இரண்டுமே மிகை.

பெலிக்கான் பறவையை, நம் ஊர்க் கூழைக்கடாவின் இனத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சுகள் வளர்ந்ததும் பெற்றோரைக் கொத்தும், கோபத்தில் தாய் அவற்றைக் கொன்றுவிடும், மூன்று நாள் துக்கத்துக்குப் பிறகு தன் விலாவைக் கிழித்து இரத்தத்தைச் சிந்தி அவற்றை உயிர்ப்பிக்கும் என்பது கதை. சிலுவையில் விலாவிலிருந்து இரத்தம் சிந்திய கிறிஸ்துவின் சாயல். இந்தக் கதையை, விவிலியத்தின் சங்கீதம் என்னும் துதிப்பாடல்களுக்கு எழுதிய விளக்கத்தில் எடுத்துப் பேசும் புனித அகஸ்டின், 5ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே, இது ஒருவேளை உண்மையாக இருக்கலாம், ஒருவேளை பொய்யாக இருக்கலாம், உண்மையானால் கிறிஸ்துவுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள் என்கிறார். தகவல் சந்தேகத்துக்குரியது என்று தெரிந்தே அதன் பொருளைக் கையில் எடுக்கும் மனநிலை அது.

13ஆம் நூற்றாண்டில் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. வேட்டைக்காரன் துரத்தினால் பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கு, மருந்துக்காகத் தேடப்படும் தன் விதைப்பையைத் தானே கடித்து எறிந்துவிட்டு உயிர் தப்பும், அதுபோல மனிதனும் தீய இச்சைகளை வெட்டிச் சாத்தான் முகத்தில் எறிய வேண்டும் என்று பெஸ்டியரி சொல்லும். உண்மையில் அந்த மருந்துப் பொருள் வருவது வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து. ஜெர்மானியத் துறவியும் பேரறிஞருமான ஆல்பர்ட் மக்னஸ், அது அப்படிக் கடித்துக்கொள்வதில்லை என்று வெளிப்படையாக மறுத்தார். மரக்கட்டையிலிருந்து ஒருவகை வாத்து முளைக்கும் என்ற கதையை, பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் வடக்கிலிருந்து அந்தக் கட்டைகளையே வரவழைத்துப் பார்த்துவிட்டு, பறவை வடிவில் எதுவும் இல்லை, கூடு கட்டும் இடம் தொலைவில் இருப்பதால் கிளம்பிய கதை என்று எழுதி வைத்தார். இவர்கள் வாழ்ந்த அதே நூற்றாண்டில்தான் மிக அழகான பெஸ்டியரிகளும் செய்யப்பட்டன. பெரும்பாலான வாசகர்கள் சிங்கக் குட்டிக் கதையை நம்பியிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன், மறுக்க அவர்களிடம் சிங்கம் இல்லை. ஆனால் நூல் அவர்களிடம் கேட்டது சிங்கத்தைப் பற்றிய நம்பிக்கையை அல்ல.

புத்தகத்தை விட்டு வெளியே

யார்க்‌ஷயரின் ஆல்ன் கிராமத்துத் தேவாலய வாசல் வளைவில் நரியும் சிறுத்தையும் கழுகும் பெயர் பொறித்துச் செதுக்கப்பட்டிருக்கின்றன, பெஸ்டியரி பக்கத்தைக் கல்லில் விரித்தது போல. 1187இல் லிங்கன் பேராலயக் குரு பிலிப் ஒரு பெஸ்டியரியை வொர்க்ஸாப் மடத்துக்குக் கொடுத்ததாக அந்த நூலிலேயே குறிப்பு இருக்கிறது, அது இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில். நெஞ்சைக் கிழிக்கும் பெலிக்கான் கத்தோலிக்கப் பீடங்களுக்கும், ஆக்ஸ்ஃபோர்டின் கார்பஸ் கிறிஸ்டி கல்லூரிச் சின்னத்துக்கும், அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கொடிக்கும் போய்ச் சேர்ந்தது.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தொடங்கலாம். முழு நூலும் இலவசமாக, பக்கத்துக்குப் பக்கம் லத்தீன் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிடும் பக்கத்தையும், புலிக்குட்டியைத் திருடிக்கொண்டு குதிரையில் பறக்கும் வீரன், துரத்தும் தாய்ப்புலி முன்னால் கண்ணாடி உருண்டையை வீசி ஏமாற்றும் பக்கத்தையும் தவற விடாதீர்கள். அந்தக் குட்டி உருவில் தெரிவது தன் நிழல்தான் என்று புலிக்குத் தெரியாது, நின்று அதைக் கொஞ்சும். படத்தை முதலில் பார்த்தால் குழம்பும். பக்கத்தில் உள்ள எழுத்தை முதலில் படித்துவிட்டு அப்புறம் படத்துக்கு வாருங்கள், ஒவ்வொரு கோடும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும்.